ஊர்க்குளமும் போகக் கூட்டமும்

பெரிய வேலைகள் கெடுவதைக் காட்டிலும் சிறிய வேலைகள் கெடுவதே உலகில் மிகுதி. பேரணை கட்டுவோர் படம் வரைவர், கணக்குப் பார்ப்பர், பொறியியலாளரை அமர்த்துவர். ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரப் புறப்படுவோரோ, "இதற்கென்ன திட்டம்? எல்லாரும் கூடினால் ஒரு நாளில் முடிந்துவிடும்" என்பர். அந்த எல்லாரும் ஒருநாளும் கூடுவதில்லை. கூடியவர்களும் மண்வெட்டி போதவில்லையென்று நண்பகலிலே கலைந்துவிடுவர். மறு ஆண்டும் கிணறு அவ்வாறே கிடக்கும்.

வினைசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒன்றைத் தொடங்குமுன் காலமும் இடமும் கருவியும் கைப்பொருளும் செய்தொழிலின் இயல்பும் ஆராயப்படல் வேண்டுமெனக் கூறினார். இவ்வறிவுரையைக் கற்றவர் பலர். மேடையிலே எடுத்துச் சொல்வோரும் பலர். அதனை ஆண்டுதோறும் தவறாது கைக்கொண்டு, ஒரே ஒழுங்கிலே சிறு வேலையொன்றைத் திட்டமிட்டு, நடத்தி, முடித்து, மீண்டும் தொடங்கிய மக்கள் எங்கேனும் உளரா? உளர். அவரைத் தேடி நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. நம் நாட்டு உலர் வலயத்தின் ஊர்க்குளங்களை அடுத்து வாழ்ந்த கமக்காரரே அவர். அவர்களது போகக் கூட்டத்தின் வரலாற்றையே இன்று நாம் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இலங்கையின் வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களிலே மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்வதில்லை. ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையே பெரும்பகுதி. அதன்பின் நீண்ட வறட்சி. ஆகவே பெய்யும் காலத்தில் நீரைத் தேக்கி, பெய்யாக் காலத்தில் அதனை அளந்து செலவிட்டாலன்றி நெல் விளையாது. இத்தேவையினாலேயே தாழ்வான பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண்ணாற் குளக்கட்டுகள் எழுந்தன. கட்டின் அடியிலே நீரைத் திறந்துவிடும் துருசு. மிகை நீர் வழிந்தோடும் வான். கட்டின் கீழே வாய்க்கால். வாய்க்காலின் இருமருங்கும் வயல். வயலைச் சுற்றி வேலி. இவ்வளவே ஓர் ஊர்க்குளத்தின் அமைப்பு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, மேற்படாத வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்களைச் சிறுகுளங்கள் என அரசாங்கம் வகுத்துள்ளது. அத்தகைய குளங்கள் இத்தீவிலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை.

பராக்கிரம சமுத்திரத்தையும் கலாவாவியையும் கட்டிய அரசர்களின் பெயர்களை நாம் அறிவோம். இச்சிறுகுளங்களைக் கட்டியவர் பெயரை எவரும் அறியார். அது பெருங்குறையன்று. நாம் வியக்க வேண்டுவது அவை கட்டப்பட்டமையை மட்டுமன்று, அவை நிலைபெற்றமையையே. மண்கட்டு என்பது ஒருமுறை கட்டி மறந்துவிடும் பொருளன்று. மழை அதனைக் கரைக்கும், மாடு மிதிக்கும், கறையான் துளைக்கும், மரவேர் பிளக்கும். ஆண்டுதோறும் மண்ணிட்டுத் திருத்தாத கட்டு ஏதோ ஒரு பெருமழையில் உடைந்தே தீரும். உடைந்தால் அவ்வாண்டு விளைச்சல் மட்டுமன்று, ஊரே இல்லையாகும். ஆதலின் ஒவ்வொரு போகமும் ஊரவருக்கு ஒரு புதிய வேலை. அதற்கு எல்லையுண்டு, காலவரையறை உண்டு, அளவான முதலும் உண்டு. இன்று "செயற்றிட்டம்" என்று நாம் எதனை அழைக்கின்றோமோ, அதன் இலக்கணம் அனைத்தும் அதற்குப் பொருந்தும்.

அவ்வேலை தொடங்கிய இடமே போகக் கூட்டம். சிங்கள ஊர்களில் அதனைக் கன்னக் கூட்டம் என்பர். அம்மொழியிற் கன்ன என்பது போகத்தைக் குறிக்கும். தமிழ்ப் பகுதிகளிலே ஆரம்பக் கூட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. பெரும்போகத்துக்கு ஒன்று, குளத்தில் நீர் எஞ்சியிருப்பின் சிறுபோகத்துக்கு மற்றொன்று. வயலிற் பங்குடையோர் யாவரும் அங்கே கூடுவர். பேச்சு எத்துணை நீண்டாலும், கேட்கப்படும் கேள்விகள் ஐந்தே.

முதற் கேள்வி: நீர் எவ்வளவு? பெரும்போகத்துக்கு வானம் துணைசெய்யும். சிறுபோகத்துக்கோ குளத்தில் நிற்கும் நீரே முதல். அந்த முதலை அறிந்த பின்னரே செலவைப் பற்றிப் பேசலாம். எத்தனை ஏக்கர் விதைப்பது, மூன்று மாத நெல்லா நான்கு மாத நெல்லா என்பன யாவும் இதனைப் பொறுத்தன. நீர் குறைந்த காலத்தில் அவர்கள் கைக்கொண்ட முறையொன்று உண்டு. சிங்களத்தில் அது பெத்ம எனப்படும். நூறு ஏக்கர் வயலில் நாற்பது ஏக்கருக்கே நீர் போதும் என்று வைத்துக்கொள்வோம். துருசை அடுத்த நாற்பது ஏக்கரின் சொந்தக்காரர் விதைக்க, ஏனையோர் வெறுங்கையராய் நிற்பதே நாம் எதிர்பார்க்கும் முடிவு. பெத்ம முறையில் அவ்வாறு நிகழாது. அந்த நாற்பது ஏக்கரும் அப்போகத்துக்கு மட்டும் ஊரவர் அனைவருக்கும் அவரவர் பங்கின் அளவுப்படி பிரித்துக் கொடுக்கப்படும். வரம்பின் உரிமை ஒதுங்கி நிற்க, பங்கின் உரிமை முன்வரும். போகம் முடிந்ததும் வரம்பு தன் பழைய உரிமையைப் பெறும்.

இரண்டாவது கேள்வி: எந்த நாளில் எது? வாய்க்கால் வெட்டி முடிக்கும் நாள், வேலி அடைத்து முடிக்கும் நாள், முதல் நீர் திறக்கும் நாள், விதைப்புக்குக் கடைசி நாள், நீர் நிறுத்தும் நாள் என ஒவ்வொன்றும் கூட்டத்திலே குறிக்கப்படும். இந்த நாட்குறிப்பு வெறும் ஒழுங்குக்காக ஏற்பட்டதன்று. ஒருவன் இருபது நாள் பிந்தி விதைத்தால், அவனுடைய சிறு துண்டுக்காகக் குளத்தின் துருசை இருபது நாள் மிகையாகத் திறந்துவைக்க வேண்டும். வாய்க்காலில் ஓடி மண்ணிலே சுவறும் நீர் ஊரவர் அனைவரின் நீராகும். மற்றவர் அறுவடை முடித்து மாடுகளை வயலில் விடும்போது அவன் பயிர் நடுவே பச்சையாய் நிற்கும். சுற்றிலும் உள்ள பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் அதுவே எஞ்சிய உணவாகும். ஆகவே ஒருவனது சோம்பல் அவனோடு நிற்பதில்லை என்பதை நாட்குறிப்பு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றது.

மூன்றாவது கேள்வி: யாருக்கு எவ்வளவு வேலை? இதற்கு விடை ஒரு சொல்லில் அடங்கும். அச்சொல் பங்கு. சிங்கள ஊர்களிலும் இச்சொல்லே வழங்கியது என்பது தமிழராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. வயலிலே எத்தனை பங்கோ, குளக்கட்டைத் திருத்துவதிலும் வாய்க்காலை வெட்டுவதிலும் வேலியை அடைப்பதிலும் அத்தனை பங்கு. இரு பங்கு நீர் பெறுவோன் இரு பங்கு மண் சுமக்க வேண்டும். வேலியின் நீளமும் அவ்வாறே அளந்து விடப்படும். யானையும் பன்றியும் வேலியில் நல்ல பகுதி எது, கெட்ட பகுதி எதுவென்று பார்த்து வருவதில்லை. ஒருவனது பகுதி திறந்து கிடந்தால் முழு வேலியும் இல்லாததற்குச் சமமே. நீரைப் பிரிப்பதற்கும் எளிய கருவியொன்று இருந்தது. கரஹன்கொட்ட என்று சிங்களத்தில் வழங்கும் அது, வாய்க்காலின் குறுக்கே இடப்படும் ஒரு மரக்குற்றி. அதன் மேற்புறத்தில் பங்குகளின் அளவுக்கேற்ப அகன்றும் ஒடுங்கியும் வாய்கள் வெட்டப்பட்டிருக்கும். நீர் அவற்றின் வழியே பாயும்போது தானே பங்காகப் பிரிந்துவிடும். குளத்தில் நீர் கூடினும் குறையினும் பங்கின் விகிதம் மாறாது. எழுத்தறியாதவனும் கண்ணாற் பார்த்துக் கணக்கைச் சரிபிழை கூறலாம்.

நான்காவது கேள்வி: மேற்பார்ப்பவர் யார்? சிங்களப் பகுதிகளில் வெல் விதானை, மட்டக்களப்புப் பகுதியில் வட்டை விதானை எனப்பட்டவர் இதற்கு உரியவர். கட்டிலே மண் விழுந்ததா, வேலி அடைபட்டதா, நீர் முறைப்படி செல்கின்றதா என்று பார்ப்பது அவர் கடமை. அவருக்குரிய ஊதியம் விளைந்த நெல்லிலிருந்து அளக்கப்பட்டது. இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. வயல் விளையாவிடின் விதானையின் களஞ்சியத்துக்கும் நெல் வராது. மேற்பார்ப்பவரின் நலனும் வேலை செய்பவரின் நலனும் ஒரே களத்திலே அளக்கப்பட்டன.

ஐந்தாவது கேள்வி: தவறினால் என்ன? இது கூட்டத்தின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டிய ஒன்று. தவறு நேர்ந்த பின் தண்டனை பேசினால் அது பகையாகும். நேருமுன் யாவரும் இசைந்து வைத்தால் அது முறையாகும். தன் பங்கு வேலையைச் செய்யாதவனுக்காக மற்றொருவரைக் கொண்டு அதனைச் செய்வித்து, செலவை அவனிடம் பெறுவதும், தண்டம் விதிப்பதும் வழக்கமாயிருந்தன.

நீர், நாள், பங்கு, பார்ப்பவர், தண்டம் ஆகிய ஐந்தும் முடிந்ததும் கூட்டம் கலையும், வேலை தொடங்கும். அடுத்த போகத்திலே மீண்டும் அதே ஐந்து கேள்விகள். விடைகள் மட்டும் மாறும், ஏனெனின் வானம் மாறும். இம்முறையின் வலிமை இங்கேதான் இருக்கின்றது. கேள்விகள் நிலையாக இருந்தமையால் எவரும் எதனையும் மறக்கவில்லை. விடைகள் ஆண்டுதோறும் புதிதாய் அமைந்தமையால் பழக்கம் மூடப்பழக்கமாகிவிடவில்லை.

இவ்வூர்கள் சண்டையற்ற சுவர்க்கங்களாக இருந்தன என்று நாம் மயங்கிவிடலாகாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மானிடவியலறிஞர் எட்மண்ட் லீச், 1954ஆம் ஆண்டில் அநுராதபுரத்துக்கு வடக்கேயுள்ள புல் எலிய என்னும் சிற்றூரிலே தங்கி ஆராய்ந்து, 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வூர் மக்களிடையே வழக்கும் பகையும் இருந்தன. ஒருவர் பங்கு போல் மற்றொருவர் பங்கு இல்லை. ஆயினும் அவர் கண்ட உண்மை ஒன்று சிந்தனைக்குரியது. மனிதர் பிறந்தனர், இறந்தனர், மணந்தனர், பகைத்தனர். குளமும் வாய்க்காலும் பங்குகளின் எல்லையும் எளிதில் மாறவில்லை. மக்களே தம் உறவையும் உரிமையையும் அந்த நிலையான அமைப்புக்கு ஏற்பப் பொருத்திக்கொண்டனர். ஒருவரையொருவர் நேசித்தமையால் அவர்கள் ஒத்துழைத்தார்கள் என்பதிலும், ஒத்துழையாவிடின் சோறில்லை என்பதை அவர்களது வயலின் அமைப்பே நினைவூட்டியது என்பது பொருத்தம்.

இனி, இம்முறை முறிந்தபோது நேர்ந்ததைப் பார்ப்போம். பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலே, 1817-18ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் ஊவாப் பகுதியின் வயல்களைப் பாழாக்கின. பின்னர், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தை ஒழித்தது நீதியான செயலே. அதனை எவரும் குறைகூறல் இயலாது. ஆனால் அரசனுக்குச் செய்த ஊழியத்தோடு, ஊருக்குத் தானே செய்துகொண்ட ஊழியமும் சட்டத்தின் கண்ணிலே ஒன்றாகிவிட்டது. தன் பங்கு மண்ணைப் போட மறுத்தவனைப் போடச் செய்யும் அதிகாரம் எவரிடமும் இல்லாமற்போயிற்று. வழக்கிட வேண்டுமாயின் தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். வேலித்துண்டு ஒன்றைப் பற்றிய வழக்கு முடியுமுன் பயிரே முடிந்துவிடும். ஒருவன் விலகினான், அவனைக் கண்டு மற்றொருவன் விலகினான். கேள்விகளைக் கேட்கும் கூட்டம் தளர்ந்தது. பல இடங்களிற் குளக்கட்டுகள் உடைந்தன.

இதனை நன்குணர்ந்த உத்தியோகத்தர் ஒருவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெய்லி. பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளிக்க வேண்டுமென்பது அவர் கருத்து. 1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வாட் அக்கருத்தை ஏற்றார். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் பயனாய்ப் பிறந்தது. நெற்காணிகளின் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டுச் செயற்படுத்துவதே அச்சட்டத்தின் நோக்கம். அரசாங்கம் புதிய விதி எதனையும் மேலிருந்து திணிக்கவில்லை. அந்தந்தப் பகுதிக் காணிக்காரரின் கூட்டத்தைக் கூட்டி, அவர்தம் வழக்கத்தைக் கேட்டு எழுதி, அதையே விதியாக்கியது. சிறு பிணக்குகளை ஊர் அவையே விரைந்து தீர்க்கவும் இடமளித்தது. முதலிற் சில ஆண்டுகளுக்கென இயற்றப்பட்ட சட்டம் 1860களில் நீடிக்கப்பட்டது.

வாட் காலத்திலே மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறை முதலிய குளங்களும் திருத்தப்பட்டன. அவருக்குப் பின் 1872இல் வந்த சேர் வில்லியம் கிறகரி வடமத்திய மாகாணத்தை 1873இல் உண்டாக்கி, ஊர்க்குளங்களைப் பற்றி ஓர் ஒழுங்கை மேற்கொண்டார். ஊரவர் மண்வேலையை முடித்தால், துருசு அமைப்பதை அரசாங்கம் ஏற்கும். ஊரவராற் செய்யக்கூடியதை ஊரவரும், அவரால் இயலாததை அரசும் செய்தல் என்ற இப்பங்கீடு, பழைய பங்கு முறையிலே அரசையும் ஒரு பங்காளியாக்கியது எனலாம்.

சுதந்திரத்தின் பின் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வெல் விதானையின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகைக் கமக்காரனுக்கும் குரல் வேண்டும் என்பது அதன் உயரிய நோக்கம். ஆயினும் மேற்பார்வை அடிக்கடி கைமாறியது, சட்டங்களும் மாறின. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளிக்கின்றது. போகத்தின் தொடக்கத்திலே கூட்டம் கூடும் வழக்கமும் அழியவில்லை. விதானையின் பெயர் மாறிற்று. சட்டத்தின் இலக்கம் மாறிற்று. ஐந்து கேள்விகளும் மாறவில்லை.

சிறிய ஊருக்குப் பொருந்திய முறை பெரிய நீர்ப்பாசனத்துக்குப் பொருந்துமா என்று ஒருவர் வினவலாம். அதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பெருந்திட்டம். அதன் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்து, நீர் கடைமடைக்கு எட்டாது, கமக்காரர் ஒருவரையொருவர் நம்பாத நிலை நெடுநாள் இருந்தது. 1981இல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் கூடி, இளைஞர் சிலரை அமைப்பாளராகப் பயிற்றி அங்கே வாழ அனுப்பின. அவர்கள் ஆயிரக்கணக்கானோரை ஒரு கூட்டத்திலே திரட்டவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறுவோரை மட்டும், பத்துப் பதினைந்து குடும்பங்களை, ஒன்றாக அமரச் செய்தனர். நீர் எவ்வளவு, எந்த நாள், யார் எந்த வேலை என்ற பழைய கேள்விகளே மீண்டும் எழுந்தன. அவ்வாண்டுச் சிறுபோகத்திலே நீர்த்தேக்கம் ஏறக்குறையக் காற்பங்கே நிறைந்திருந்தது. அந்த வறட்சியிலே கமக்காரர் தாமே வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே உள்ளோருக்கு விட்டனர். மேல்மடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களர். கடைமடையில் தமிழரும் இருந்தனர். இன உறவு கசந்துகொண்டிருந்த அக்காலத்திலே, ஒரு வாய்க்காலின் தலைப்பில் இருந்தவன் அதன் கடைசியில் இருந்தவனை எண்ணித் தன் மடையை அடைத்தான் என்பது சிறு செய்தியன்று.

இவ்வரலாற்றினால் நாம் பெறுவது யாது? சிறு வேலை ஒன்றை நடத்துவதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. கையிலிருப்பதை முதலில் அளத்தல், நாள் குறித்தல், பயனுக்கேற்ப வேலையைப் பங்கிடுதல், பார்ப்பவரைப் பெயர் சொல்லி அமர்த்துதல், தவறுக்கு முன்கூட்டியே முடிவு செய்தல் ஆகிய ஐந்தும் போதும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. விளைவை அனுபவிக்கப்போகும் யாவரும் அக்கேள்விகளுக்கு விடை கூறும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு முறை வெற்றி பெற்றோம் என்று மறுமுறை கேளாது விட்டுவிடலும் கூடாது. 1832க்குப் பின் உடைந்த குளக்கட்டுகளை உடைத்தது வெள்ளம் மட்டுமன்று. கேளாது விட்ட கேள்விகளுமே.

வாசிகசாலைக்குக் கூரை வேய்வோரும், பாடசாலைக்குச் சுவர் எழுப்புவோரும், கோயிற் கேணியைத் தூர்வாருவோரும் முதல் மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி ஆலமர நிழலிலோ மண்டபத்திலோ கூடி அமர்வாராக. குளக்கட்டிலே நம் முன்னோர் கேட்ட ஐந்து கேள்விகளையும் அதே வரிசையிற் கேட்பாராக. வேலை முடிந்த பின்னர், அடுத்த வேலைக்காக மீண்டும் அமர்வாராக. நீர் நிறைந்த குளத்தைப் பார்த்து மகிழ்வது எவர்க்கும் எளிது. அது வற்றுமுன் அளந்து வைத்தவனே கமக்காரன்.